வேலி போடாத ஊர்

எங்கள் தாத்தா கடைசிவரை தூரத்தைப் பர்லாங்கில்தான் சொன்னார். கோயில் ரெண்டு பர்லாங்கு, பஸ் நிற்கும் இடம் ஆறு பர்லாங்கு. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு சின்ன ஊரில், ஈரக் களிமண்ணில் நின்றுகொண்டிருந்தபோதுதான் புரிந்தது. அது ஒரு உழவுச் சாலின் நீளம். மாடுகள் ஏரை இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் போகக்கூடிய தூரம், 220 கஜம். அந்த நீளத்துக்கு 22 கஜ அகலம் சேர்த்தால் ஒரு ஏக்கர். மாடு பூட்டிய ஒரு ஏர் ஒரு நாளில் உழும் நிலம் என்பதுதான் ஏக்கரின் பழைய பொருள். எங்கள் ஊர்ப் பத்திரங்களிலும் பேச்சிலும் புழங்கிய இரண்டு சொற்களும் இப்படிப்பட்ட வயல்களில் பிறந்தவை.

அந்த ஊரின் பெயர் லாக்ஸ்டன். நாட்டிங்ஹாமிலிருந்து வடக்கே போய், ஒல்லர்ட்டனைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் வரும். மூர்ஹவுஸ் என்ற குக்கிராமத்தையும் சேர்த்தால்கூட மக்கள்தொகை சில நூறுதான். இங்கிலாந்தில் இந்த அளவு ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் இங்கிருக்கும் ஒன்று வேறெங்கும் மிஞ்சவில்லை. ஊர் கூடித் தன் வயல்களை ஆளுகிற மன்றம், இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

முதல் முறை போனபோது ஊரின் அமைப்பே வித்தியாசமாகப் பட்டது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் காரில் போனால் பண்ணைவீடுகள் தனித்தனியாக, அவரவர் நிலத்தின் நடுவே நிற்கும். சுற்றிலும் புதர்வேலி. லாக்ஸ்டனில் பண்ணைவீடுகள் எல்லாம் ஊர்த்தெருவிலேயே இருக்கின்றன. சிவப்புச் செங்கல் வீடுகள், பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும் களஞ்சியங்கள், அவற்றின் பின்னால் நீளமான கொல்லைகள். நம்மூர்க் குடியானவர் தெரு மாதிரியே இருந்தது. காரணம் எளிது. ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே போய் வீடு கட்டலாம். மூன்று திசைகளிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் ஊர் நடுவில் இருப்பதுதான் வசதி.

வயல்கள் மூன்று. தெற்கு வயல், மேற்கு வயல், மில் வயல். ஒவ்வொன்றும் பெரிய திறந்த வெளி. உள்ளே வேலி கிடையாது. பல விவசாயிகளின் துண்டுகள் பக்கம் பக்கமாக நீண்டு கிடக்கின்றன. ஒருவருக்கே மூன்று வயல்களிலும் துண்டுகள் இருக்கும். ஒரு வருடம் ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் முறை மாறும். இப்போது தரிசு என்பது முன்பு போல வெறும் நிலமாகக் கிடப்பதில்லை, தீவனப் புல்லும் போடுகிறார்கள். ஆனால் சுற்று அதே மூன்று வருடச் சுற்றுதான்.

இந்த ஏற்பாட்டில் யாரும் தன்னிஷ்டத்துக்கு விவசாயம் செய்ய முடியாது. பழைய காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகளும் ஆடுகளும் தாளடி மேய வயலுக்குள் வரும். பக்கத்துத் துண்டுக்காரர் அறுத்து முடித்திருக்க, நீங்கள் மட்டும் பச்சையாக எதையாவது விட்டுவைத்தால் மாடு உங்கள் பயிரைத்தான் தின்னும். எதை விதைப்பது, எப்போது அறுப்பது, எப்போது மாட்டை விடுவது, வண்டிப்பாதை எவ்வளவு அகலம் என்று எல்லாவற்றையும் ஊர் சேர்ந்து முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்யவும், மீறியவரைத் தண்டிக்கவும் ஏற்பட்டதுதான் கோர்ட் லீட் என்ற மன்றம். இடைக்காலத்தில் இங்கிலாந்து முழுக்க ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட மன்றங்கள் இருந்தன. சண்டை, சச்சரவு, தரமில்லாத பீர், தூர்வாராத ஓடை என்று பலதும் அங்கே விசாரணைக்கு வரும்.

இரண்டாம் முறை நான் வேண்டுமென்றே நவம்பர் கடைசி வாரத்தில் போனேன். ஜூரி வயலைப் பார்க்கப் போகும் நாள் அது. முந்தைய மன்றத்தில் பொறுப்பேற்ற பன்னிரண்டு பேரும், அவர்களுக்குத் தலைவராக ஒருவரும், டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறி, அந்த வருடம் கோதுமை விதைத்த வயலுக்குப் போகிறார்கள். நான் பொதுவழியில் ஓரமாக நின்று பார்த்தேன். கோதுமை விரலளவு முளைத்திருந்தது. மழை நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. லாக்ஸ்டனின் மண் கனத்த களி. பூட்ஸில் ஒட்டினால் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடும்.

அவர்கள் பார்ப்பது இரண்டு விஷயங்களை. யாராவது பொதுப் பாதைக்குள்ளோ, புல்தரைக்குள்ளோ ஏர் ஓட்டிவிட்டார்களா? துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே எல்லை சரியாக இருக்கிறதா? ஓர் இடத்தில் நின்றார்கள். ஒருவர் கீழே குனிந்து மண்ணைக் காலால் விலக்கினார். எல்லைக்கு அடித்த பழைய மரமுளை ஒன்று உளுத்துப்போய், தரைமட்டத்தில் முறிந்து கிடந்தது போலிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் புது முளையை நிறுத்திப் பிடித்தார். இன்னொருவர் நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வயலின் மறுமுனையைப் பார்த்து, கையை இடப்பக்கம் லேசாக ஆட்டினார். முளை ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடியும் கை ஆடியது, முளை திரும்பக் கொஞ்சம் வந்தது. அப்புறம் சம்மட்டி. ஆறேழு அடி. ஈர மண்ணில் சத்தம் அமுங்கித்தான் கேட்டது. அந்தத் துண்டை உழுபவரும் அடுத்த துண்டை உழுபவரும் அங்கேயே நின்றிருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முளையை அடித்தவர்களுக்கு ரெண்டு பேரையும் தெரியும். அவர்களுக்கும் அதே வயலில் எங்கேயாவது துண்டு இருக்கும்.

எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு வரப்புக்காகப் பேச்சுவார்த்தையே இல்லாமல் போன இரண்டு வீடுகள் உண்டு. சர்வேயர் வந்து கல் நட்டார், கல்லைப் பிடுங்கினார்கள், மறுபடி மனு கொடுத்தார்கள். அந்தக் கல்லை நட்டவர் எங்கிருந்தோ வந்தவர், நட்டுவிட்டுப் போனவர். இங்கே பன்னிரண்டு பேர் பார்க்க, பக்கத்துத் துண்டுக்காரர்களே முளையடிக்கிறார்கள். பிடுங்கினால் ஊருக்கே தெரியும்.

வயலில் வேலை முடிந்ததும் ஜூரி ஊருக்குத் திரும்பி டவ்காட் இன் என்ற பப்பில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறது. யார் யாருக்கு அபராதம் என்று பேசி முடிப்பதும் அங்கேதான். சுமார் ஒரு வாரம் கழித்து மன்றம் முறைப்படி கூடுகிறது, அதுவும் அதே பப்பில். நில உடைமையாளரின் சார்பில் ஸ்டூவர்ட் எனப்படும் அதிகாரி ஒருவர் தலைமை தாங்குவார். ஜூரி தான் கண்டதைச் சொல்லும். அபராதங்கள் பதிவாகும். அடுத்த வருடத்துக்கான ஜூரி சத்தியப்பிரமாணம் எடுக்கும். அபராதத் தொகை பெரிதல்ல, சில பவுண்டுகள். பணத்தைவிட, உன் அடுத்த துண்டுக்காரன் முன்னால் உன் பெயர் வாசிக்கப்படுகிறது என்பதுதான் உறுத்தும்.

மன்றத்தின் அதிகாரிகளில் பிண்டர் என்று ஒருவர் உண்டு. வழிதவறி வந்து பயிர் மேயும் மாடுகளைப் பிடித்து அடைப்பவர். அடைக்கும் பட்டியும் ஊரில் இன்னும் இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. "மாட்டைக் கட்டாம விட்டா பவுண்டுல அடைச்சிருவாங்க" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இந்தியக் கிராமங்களில் அந்தப் பவுண்டுகளுக்கு விதி வகுத்தது. சொல்லும் முறையும் இந்த மாதிரி இங்கிலாந்துக் கிராமங்களிலிருந்து வந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே பிண்டரை நியமித்தது ஊர் மன்றம். அங்கே பவுண்டை நடத்தியது கலெக்டர் கச்சேரி.

ஊரின் பழமையைப் பற்றிக் கொஞ்சம். 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் லாக்ஸ்டன் இருக்கிறது. நார்மன்கள் கட்டிய மண்மேட்டுக் கோட்டையின் மேடு ஊருக்கு வடக்கே இன்னும் கம்பீரமாக நிற்கிறது. மேலே ஏறினால் வயல்வெளி விரிந்து கிடப்பது தெரியும். ஷெர்வுட் காட்டைக் காக்கும் பரம்பரைப் பொறுப்பு இங்கிருந்த பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. புனித மைக்கேல் தேவாலயத்தில் எவரிங்ஹாம் குடும்பத்துப் பெண் ஒருவரின் ஓக் மரச் சிற்பம் படுத்த நிலையில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல்லில் செய்தவை நிறையக் கிடைக்கும். மரத்தில் செய்தது இவ்வளவு காலம் தாங்கியது அபூர்வம்.

இதையெல்லாம்விட என்னைக் கட்டிப்போட்டது 1635ஆம் ஆண்டின் வரைபடம். மார்க் பியர்ஸ் என்ற நில அளவையர் வரைந்தது. மூலம் ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும், அது யாருடையது என்பதும், ஒவ்வொரு வீடும் அதில் உண்டு. அது மட்டுமல்ல. வயல்களுக்குள் குட்டிக் குட்டியாக மனிதர்கள் ஏர் ஓட்டுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். அரசாங்கப் புலப்படத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, நில அளவையர் ஒருவர் உழவனையும் சேர்த்து வரைந்திருப்பது மனதை இளக்கும்.

அதை வரையச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர். பக்கிங்ஹாம் பிரபுவிடமிருந்து ஊரை வாங்கியவர். பார்படாஸ் தீவில் 1627இல் ஆங்கிலேயர் குடியேறியதற்குப் பணம் போட்டதும் இவர்தான். வரைபடம் வரையப்பட்ட அதே 1635இல் முதலாம் சார்லஸ் மன்னர், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியப் பக்கம் வியாபாரம் செய்ய இவருடைய குழுவுக்கு அனுமதி தந்தார். மறுவருடம் புறப்பட்ட கப்பல்கள் கோவாவுக்கும் பட்கலுக்கும் வந்தன. கோர்ட்டன் 1636இல் இறந்துபோனார். வாரிசு கடனில் மூழ்கினார். லாக்ஸ்டன் கைமாறி பியர்பாண்ட் குடும்பத்திடம் போனது. அந்தக் குடும்பம்தான் பிற்காலத்தில் மான்வர்ஸ் பிரபுக்கள் ஆனது. கடல் தாண்டிப் போன முதலீடு கரைந்துவிட்டது. அவர் வரையவைத்த வரைபடம் இருக்கிறது, அதிலுள்ள துண்டுகளில் ஒரு பகுதியை இன்றும் உழுகிறார்கள்.

மற்ற ஊர்களுக்கு என்ன ஆயிற்று? வேலி போட்டார்கள். நாடாளுமன்றம் 1604இலிருந்து 1914வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், சுமார் 68 லட்சம் ஏக்கர், இப்படித் தனித்தனிப் பண்ணைகளாக மாறியது. சிதறிய துண்டுகளை ஒன்று சேர்த்து, சுற்றி வேலி கட்டி, பொது மேய்ச்சல் உரிமையை ரத்து செய்வது. விளைச்சல் கூடியது உண்மைதான். ஆனால் ஒரு பசுவையும் நாலு வாத்தையும் பொதுநிலத்தில் மேய்த்துப் பிழைத்த ஏழைக்கு அந்தச் சட்டங்கள் ஒன்றும் தரவில்லை. கூலிக்குப் போவதைத் தவிர அவருக்கு வழியில்லை. வயல் போனதும் மன்றத்துக்கும் வேலை போயிற்று. ஆள வேண்டிய பொதுச்சொத்தே இல்லாத இடத்தில் ஊர்மன்றம் எதை ஆளும்?

லாக்ஸ்டன் தப்பியது யாருடைய தொலைநோக்காலும் அல்ல. நிலத்தில் பெரும்பகுதி மான்வர்ஸ் பிரபுவிடம், இன்னொரு பங்கு ஸ்கார்பரோ பிரபுவிடம். இருவரும் நிலத்தை மாற்றிக்கொள்ள ஒத்துப்போகவில்லை. ஆகவே காரியம் தள்ளிக்கொண்டே போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள், வயலின் ஓரங்கள் வேலிக்குள் போயின. மிஞ்சியது ஐந்நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. டெவனில் பிராண்டன், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் தீவு போன்ற இடங்களிலும் துண்டு நிலங்கள் மிஞ்சியிருக்கின்றன. அங்கே நிலம் பிழைத்தது, கூடி ஆளும் ஏற்பாடு இப்படிப் பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் தெரிந்தே எடுத்த முடிவுகள். 1952இல் கடைசி மான்வர்ஸ் பிரபு, வாரிசுப் பையன் இல்லாத நிலையில், ஊரை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். இந்த முறையைக் காப்பாற்றவே அரசு வாங்கியது. 1977இல் ஒரு சட்டம் இதுபோன்ற பழைய ஊர்மன்றங்களின் விசாரணை அதிகாரத்தை ஒட்டுமொத்தமாக எடுத்தபோது, லாக்ஸ்டன் மன்றத்துக்குப் பெயர் சொல்லி விலக்குத் தந்தார்கள். சில வருடங்களில் அரசே விற்கப் பார்த்தது, எதிர்ப்பு எழுந்தது, 1981இல் அரசமுடியின் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் வாங்கிக்கொண்டது. 2020இல் அது மறுபடி பியர்பாண்ட் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டிடம் போயிருக்கிறது. பூமி இத்தனை கை மாறியும் டிரெய்லர் நவம்பரில் வயலுக்குப் போகிறது.

இன்னொரு ஆட்சியும் இந்த ஊரில் இருக்கிறது, எல்லா ஆங்கிலக் கிராமங்களையும் போல. மன்றம் வயலைப் பார்த்துக்கொண்டபோது, மனிதர்களைப் பார்த்துக்கொண்டது தேவாலயத்தில் கூடிய வெஸ்ட்ரி என்ற திருச்சபைக் கூட்டம். 1555ஆம் ஆண்டுச் சட்டம் சாலை செப்பனிடும் வேலையை ஊர்கள் தலையில் வைத்தது. 1601ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளுக்கு நிவாரணம் தரும் பொறுப்பையும் வைத்தது. பாதிரியாரும் பண்ணையாரும் சொன்னதுதான் நடந்தது என்பது வேறு விஷயம். 1834ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏழை நிவாரணம் ஊரின் கையைவிட்டு, பல ஊர்கள் சேர்ந்த ஒன்றியங்களுக்குப் போயிற்று. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சவுத்வெல்லில் 1824இல் கட்டிய ஏழைகள் விடுதி அந்தச் சட்டத்துக்கு முன்மாதிரிகளில் ஒன்று. அதை ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். கணவனை ஒரு முற்றத்திலும் மனைவியை ஒரு முற்றத்திலும் பிரித்துவைக்கும் மதில்களைக் கண்டால் பேச்சு வராது.

1894ஆம் ஆண்டுச் சட்டம்தான் பாரிஷ் கவுன்சில் என்ற, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்க் கவுன்சில்களைக் கொண்டுவந்தது. முதல் தேர்தல் அந்த டிசம்பரில். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப்போட 1918வரை காத்திருந்த பெண்கள், கல்யாணம் ஆனவர்கள் உட்பட, ஊர் கவுன்சிலுக்கு அப்போதே ஓட்டும் போடலாம், நிற்கவும் செய்யலாம். எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் தனி மரியாதை உண்டு. மேலே மாவட்டம், அதற்கு மேலே கவுன்ட்டி என்று அடுக்குகள் 1974இல் மாற்றி அமைக்கப்பட்டன. இன்று நியூவர்க் அண்டு ஷெர்வுட் என்று பெயர் கொண்ட மாவட்டத்துக்குள் லாக்ஸ்டன் வந்தது. குப்பை அள்ளுவதும் கட்டட அனுமதியும் மாவட்டத்திடம். சாலையும் பள்ளியும் கவுன்ட்டியிடம். பாரிஷ் கவுன்சிலுக்கு மிஞ்சுவது நடைபாதை, பெஞ்சு, நிழற்குடை, இடுகாடு, அப்புறம் மற்றவர்களிடம் கேட்பது. கட்டட அனுமதி விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்லலாம், முடிவு சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில், வாக்காளர் அனைவரும் வரக்கூடிய ஊர்க்கூட்டம் ஒன்று சட்டப்படி நடக்க வேண்டும். அதில் பேசலாம். பெரும்பாலும் ஐந்தாறு பேர்தான் வருவார்கள். நான் இருக்கும் பாரிஷில் போன வருடம் நாலு பேர், என்னையும் சேர்த்து.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மன்றம்தான் மேலாகத் தெரிகிறது, ஒரு காரணத்துக்காக. கவுன்சில் கடிதம் எழுதுகிறது, மன்றம் முளையடிக்கிறது. தன் எல்லைக்குள் கடைசிச் சொல் அதனுடையது. அந்த எல்லை மிகச் சின்னது, மூன்று வயல், சில பாதைகள், கொஞ்சம் புல்தரை. ஆனால் அதற்குள் தீர்மானிப்பவரும் உழுபவரும் ஒரே ஆட்கள். அதே சமயம் அது வயலோடு தொடர்புள்ளவர்களின் மன்றம். ஊரில் வாடகைக்கு இருக்கும் செவிலியருக்கோ, ஓய்வுபெற்று வந்து குடியேறியவருக்கோ வயல் விவகாரத்தில் பெரிதாகக் குரல் கிடையாது. அவர்களுக்குக் கவுன்சில்தான் வழி. கவுன்சிலின் கையில் இன்னும் கொஞ்சம் வேலையைக் கொடுத்திருக்கலாம். முடிவெடுக்க ஏதாவது இருந்தால்தானே கூட்டத்துக்கு ஆள் வரும்.

புல்தரை என்றேனே, அவற்றை சைக் என்கிறார்கள். ஏர் ஓட்ட முடியாத சரிவுகளும் ஈரப் பள்ளங்களும். ஒருபோதும் உழாததால் பழைய காலத்துக் காட்டுப் பூக்கள் அங்கே தங்கிவிட்டன, சட்டப் பாதுகாப்பும் உண்டு. கோடையில் காயவைத்துத் தீவனமாக்கும் புல்லை ஏலம் விடுகிறார்கள், பணம் பங்குரிமை உள்ளவர்களுக்குள் போகிறது. அதற்குள் ஒருவர் ஏரைக் கொஞ்சம் ஓட்டிவிட்டால் ஜூரியின் கண்ணில் படும். பூவைக் காப்பாற்ற யாரும் அந்த விதியைப் போடவில்லை. புல்லைக் காப்பாற்றப் போட்டார்கள். பூவும் பிழைத்தது.

எனக்குள்ள கவலை வேறு. இன்றைய இயந்திரங்களுக்கு இந்தத் துண்டுகள் சின்னவை. ஒரு வயலில் ஒரு துண்டு உழுதுவிட்டு, ஊரைச் சுற்றி இன்னொரு வயலுக்கு டிராக்டரை ஓட்டிப்போவதில் டீசலும் பொழுதும் போகிறது. சின்னப் பண்ணையால் குடும்பம் நடத்த முடியாமல் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால், ஜூரிக்குப் பன்னிரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள்? சட்டம் மன்றத்தைக் காப்பாற்றும், விவசாயியைக் காப்பாற்றாது. லாக்ஸ்டன் காட்சிசாலை ஆகிவிடக் கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன். அங்கே வாடகையை மிதமாக வைத்து, புதிதாக ஒரு இளம் குடும்பம் உழ வர வழிசெய்வதுதான் நில உடைமையாளர் செய்யக்கூடிய மிகப்பெரிய காரியம்.

அன்று மாலை ஜூரி போன பிறகு அந்த முளையருகே, பொதுவழியில் நின்றபடியே, மறுமுனையைப் பார்த்தேன். இரண்டு நிறப் பச்சை, ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் விதைத்திருக்க வேண்டும். நடுவே நேர்கோடு. வேலி இல்லை, வரப்பு இல்லை, ஒரு முளை மட்டும். அடுத்த வருடம் ஜூரி வேறு வயலுக்குப் போகும், அதற்கடுத்த வருடம் மூன்றாவதற்கு. இது இங்கே மூன்று வருடம் நின்றாக வேண்டும். இருட்டுவதற்குள் காருக்குத் திரும்பினேன். ஏறக்குறைய ரெண்டு பர்லாங்கு.